பின்னால் வருகிறவருக்குக் கொடுக்கும் பந்து



பல ஆண்டுகளுக்கு முன்பு, விடுமுறை வேதாகமப் பள்ளியின் கடைசி நாளில் பிள்ளைகளுக்கு ஓட்டப் பந்தயம் வைத்தோம். பாதம் வளைந்து பிறந்த சிறுமி ஒருத்தியும் கோட்டருகே வந்து நின்றாள். "நீ இங்கே உட்கார்ந்து பெயர் எழுது, பாப்பா" என்று சொல்லி, நோட்டையும் பென்சிலையும் அவள் கையில் கொடுத்தேன். அதை இரக்கம் என்றே எண்ணினேன். அவள் ஒன்றும் பேசாமல் அமர்ந்து, ஓடியவர்களின் பெயர்களை அழகாக எழுதித் தந்தாள்.

மேகி அல்போன்சியின் வாழ்க்கையைப் படித்தபோது அந்த நோட்டு என் நினைவுக்கு வந்தது.

1983-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்த மேகிக்கும் பிறவியிலேயே பாதம் வளைந்திருந்தது. நைஜீரிய வம்சாவளியினரான தாயார் தனியொருவராக அவரை வட லண்டனில் வளர்த்தார். அவருடைய பள்ளியில் உடற்கல்வி கற்பித்த லைசா பர்ஜஸ், வேல்ஸ் நாட்டுக்காக ரக்பி ஆடியவர். அந்த ஆசிரியைதான் மேகிக்கு ரக்பியின் வழியைக் காட்டினார். மாணவியோ பிற்பாடு வேல்ஸுக்கு எதிரணியான இங்கிலாந்துக்கு ஆடினார்!

ரக்பி மென்மையான ஆட்டமன்று. பந்தோடு பாய்ந்து வருகிறவரை மறித்துப் பிடித்துத் தரையில் வீழ்த்த வேண்டும். மேகி ஆடிய ஃபிளாங்கர் என்னும் இடத்துக்கு அதுவே தலையாய வேலை. 2003-இல் இங்கிலாந்து அணிக்குள் வந்த அவர், 74 பன்னாட்டு ஆட்டங்களில் ஆடினார்.

ஆயினும் உலகக் கோப்பை எளிதில் கைகூடவில்லை. 2006-இல் கனடாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் நியூசிலாந்திடம் 17-25 என்ற தோல்வி. 2010-இல் லண்டனிலேயே, தம் மக்களின் கண்முன்னே, அதே அணியிடம் 10-13, மூன்றே புள்ளிகள். பின்பு முழங்காலில் காயம். 2014-இல் பாரிஸ் நகரில் கனடாவை 21-9 என்று வென்றபோதுதான் கோப்பை அவர் கைக்கு வந்தது. அத்துடன் பன்னாட்டு ஆட்டங்களிலிருந்து ஓய்வு பெற்றார்.

ரக்பியில் ஒரு விதி உண்டு. பந்தைக் கையால் முன்னோக்கி எறியலாகாது. தனக்குப் பின்னால் வருகிற தோழருக்கே கொடுக்க வேண்டும். அந்த ஆசிரியை வகுப்பிலும் அதையே செய்தார்.

என்னிடமும் அன்று ஒரு சிறுமி வந்து நின்றாள். நான் கொடுத்ததோ பென்சில். ஓடியிருந்தால் அவள் கடைசியாக வந்திருக்கலாம், விழுந்தும் இருக்கலாம். ஆனால் அவள் ஓடலாமா என்பதை அவளைக் கேளாமல் நான் தீர்மானித்தேன். இன்றுவரை அது என் மனதை உறுத்துகிறது.

உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ, இரக்கம் என்ற பெயரில் ஓரமாக உட்காரவைக்கப்பட்ட பிள்ளை உண்டா? இந்த வாரம் அந்தப் பிள்ளையிடம், "நீயும் விளையாட வருகிறாயா?" என்று ஒருமுறை கேளுங்கள். பதிலை அந்தப் பிள்ளையே சொல்லட்டும்.