கோடு போட முடியாத படம்

செப்டம்பர் 17, 2023, ஞாயிறு. எடிசன், நியூ ஜெர்சி

இந்த வீட்டில் இப்போது ஒரே பேச்சுதான். பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு. காலையில் காபி கலக்கும்போது மகள் ஆரம்பித்தால் ராத்திரி தட்டுகளை மெஷினில் அடுக்கும்வரை ஓடுகிறது: இவளுக்கு அங்கே இடம் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு? ‘அங்கே’ என்றால் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. வகையறா.

கும்பகோணத்தில் பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுத்து ரிடையர் ஆனவள் என்பதால், வந்த களைப்பு தீர்வதற்குள் மாப்பிள்ளை என்னிடம் நிகழ்தகவு கேட்டுவிட்டார்.

“அத்தை, ஒரு இடத்துக்கு அஞ்சு பர்சென்ட்னு வெச்சுக்குவோம். பத்து இடத்துக்குப் போட்டா ஏதாவது ஒண்ணு கிடைக்க நாற்பது பர்சென்ட் வருது. சரிதானே?”

பெருக்கல் சரி. 0.95-ஐப் பத்து தடவை பெருக்கினால் 0.6 வரும், மீதி 0.4. ஆனால் அந்தச் சூத்திரம் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நிகழ்ச்சிகளுக்கு உரியது. இங்கே பத்து இடத்துக்கும் போகப்போவது அதே மார்க், அதே கட்டுரை, அதே ஆசிரியர்கள் எழுதும் சிபாரிசுக் கடிதம். ஓரிடத்தில் எது பிடிக்காமல் போகிறதோ அது அடுத்த இடத்திலும் பிடிக்காமல் போகலாம். தவிர, அஞ்சு பர்சென்ட் என்பது விண்ணப்பித்த மொத்தக் கூட்டத்தின் சராசரி, இவளுடையது அல்ல. பயிற்சியாளர் கேட்டு வாங்கும் விளையாட்டு வீரர்களில் 86 சதவிகிதம் பேருக்கு ஹார்வர்டில் இடம் கிடைத்தது என்று நீதிமன்ற வழக்கிலேயே வெளிவந்திருக்கிறது. அவர்களையும் சேர்த்துத்தான் அந்தச் சராசரி. அவர்களைக் கழித்தால் மற்றவர்களுக்கு அது இன்னும் இறங்கும்.

இதைச் சொன்னதும் மாப்பிள்ளை முகம் வாடிவிட்டது. வந்த இடத்தில் கொஞ்சம் வாயை அடக்கியிருக்கலாம் என்று மகள் கண்ணாலேயே சொன்னாள்.

அக்டோபர் 1

பள்ளிக்கூடம் தரும் ஒரு மென்பொருளைப் பேத்தி காட்டினாள். அவள் பள்ளியிலிருந்து முந்தைய வருடங்களில் விண்ணப்பித்தவர்கள் எல்லாரும், பெயர் இல்லாமல், புள்ளிகளாக இருக்கிறார்கள். ஓர் அச்சில் பள்ளி மதிப்பெண் சராசரி, இன்னோர் அச்சில் எஸ்.ஏ.டி. மதிப்பெண். இடம் கிடைத்தவர்கள் பச்சை, கிடைக்காதவர்கள் சிவப்பு. எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. போர்டில் இப்படி ஒரு படம் போட்டுப் பாடம் எடுக்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று நினைத்தேன்.

முதலில் ரட்கர்ஸ் படத்தைத் திறந்தாள். இந்த மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகம் அது. குறுக்காக ஒரு கோடு போடலாம்: மேலே பெரும்பாலும் பச்சை, கீழே பெரும்பாலும் சிவப்பு. பேத்தியின் புள்ளி கோட்டுக்கு மேலே வெகுதூரத்தில் இருந்தது. இங்கே வாய்ப்பு என்ற பேச்சுக்கு அர்த்தம் உண்டு.

அப்புறம் ஹார்வர்ட். புள்ளிகள் எல்லாம் வலதுபக்க மேல் மூலையில் ஈயாக மொய்த்தன. சிவப்புக்கு நடுவே அங்கங்கே ஒரு பச்சை. பச்சைக்கு மேலேயும் சிவப்பு, பக்கத்திலேயும் சிவப்பு. எப்படிக் கோடு போட்டாலும் பிரியாது. இந்த இரண்டு அச்சில் இல்லாத மூன்றாவது, நான்காவது அச்சு ஏதோ இருக்கிறது. அதை அவர்கள் காட்டவில்லை.

“இதுல என் சான்ஸ் என்ன பாட்டி?”

“இந்தப் படத்தை வெச்சு யாராலயும் சொல்ல முடியாது.”

“எல்லாரும் சொல்றாங்களே.”

அவளும் அவள் தோழிகளும் ஒருவர் மார்க்கை ஒருவர் பார்த்து, உனக்கு இங்கே கிடைக்கும், அங்கே கிடைக்காது என்று சொல்லிக்கொள்கிறார்கள். சொல்கிறவளுக்கும் பதினேழு வயசுதான்.

அக்டோபர் 8

ஹார்வர்டுக்கு எதிரான அந்த வழக்கைப் பற்றி மாப்பிள்ளை கொடுத்ததைப் படித்தேன். 2014-இல் தொடுத்தது, இந்த ஜூன் 29-ஆம் தேதி உச்சநீதிமன்றம் மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பது கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. தீர்ப்பைவிட எனக்கு ருசித்தது நடுவில் வெளிவந்த எண்கள். ஒரே ஒரு வருடத்தில் சுமார் 1,600 இடங்களுக்கு உள்நாட்டு விண்ணப்பங்கள் 26,000. அதில் பள்ளியில் முழு மதிப்பெண் சராசரி உள்ளவர்கள் மட்டும் 8,000-க்கு மேல். எஸ்.ஏ.டி. கணக்கில் முழு மார்க் வாங்கியவர்கள் மூவாயிரத்துக்கு மேல். நாட்டில் உயர்நிலைப் பள்ளிகள் 25,000-க்கு மேல். பள்ளிக்கு ஒரு முதல் மாணவர் என்று வைத்தாலே கதை முடிந்தது.

ஆக, மார்க் என்பது வாசல்வரை வருவதற்கு. உள்ளே படிப்பு, பிற செயல்பாடு, விளையாட்டு, குணநலன் என்று தனித்தனியாக மதிப்பெண் போடுகிறார்கள். ஆசிய வம்சாவளிப் பிள்ளைகளுக்குக் குணநலனில்தான் குறைவாக விழுந்திருக்கிறது. பிள்ளைகளை நேரில் பார்த்துப் பேசிய பழைய மாணவர்கள் அவர்களுக்கு அப்படிக் குறைத்துப் போடவில்லை. பெரும்பாலும் காகிதத்தில் பார்த்த சேர்க்கை அலுவலகம்தான் குறைத்தது. எந்தத் தலைமையாசிரியரிடம் இதைக் கொண்டுபோனாலும் விடைத்தாளை மறுபடி திருத்தச் சொல்லியிருப்பார். வேண்டுமென்றே செய்த பாகுபாடு என்று நிரூபணமாகவில்லை என்று கீழ் நீதிமன்றம் சொன்னதையும் எழுதிவைக்கிறேன்.

அக்டோபர் 23, சரஸ்வதி பூஜை

புத்தகங்களை எல்லாம் அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. லேப்டாப்பை மட்டும் பேத்தி தர மறுத்துவிட்டாள். நவம்பர் 1 கெடு. சரஸ்வதி பொறுத்துக்கொள்வாள் என்றேன்.

பல கல்லூரிகளுக்கும் ஒன்றாகப் போகும் பொது விண்ணப்பத்தில் செயல்பாடுகளுக்குப் பத்துக் கட்டங்கள். ஒவ்வொன்றையும் 150 எழுத்துக்குள் விவரிக்க வேண்டும், இடைவெளியும் அதில் சேர்த்தி. சிறுவயதிலிருந்து ஆடிய பரதநாட்டியம், அரங்கேற்றம், எல்லாம் ஒன்றரை வரி. அதையும் கீழே தள்ளு என்று ஓர் ஆலோசகர் சொல்லியிருக்கிறார். பல ஆயிரம் டாலர் வாங்குகிறவர். நாட்டியம், ரோபோ, ஸ்பெல்லிங் பீ மூன்றையும் பார்த்தால் படிக்கிறவருக்கு அலுத்துவிடுமாம். கூடைப்பந்து ஆடினால் அலுக்காதா என்று கேட்டேன். “அம்மா, சும்மா இரேன்” என்றாள் மகள்.

முக்கியமான கட்டுரை 650 வார்த்தை. பேத்தி எழுதியிருப்பது பஸ்ஸைப் பற்றி. தெருமுனை நிறுத்தத்துக்குப் பஸ் அட்டவணைப்படி வருவதே இல்லை என்று பல மாதம் நேரத்தைக் குறித்துவைத்திருக்கிறாள். குறித்ததில் அவள் கண்டது, தாமதம் என்பது தாறுமாறானது அல்ல, மழையன்றும் பள்ளி விடும் நேரத்திலும் ஒரே மாதிரி தாமதமாகிறது என்று. அதே நிறுத்தத்தில் தினமும் நிற்கும் ஒரு நர்ஸம்மாவுக்கு இவள் ஓர் அட்டவணை எழுதிக் கொடுத்திருக்கிறாள். இப்போது அந்த அம்மா அதைப் பார்த்துத்தான் வீட்டைவிட்டுக் கிளம்புகிறாராம்.

ஆலோசகருக்கு இதில் உணர்ச்சி போதவில்லை. எனக்குத் தெரிந்து அவள் எழுதியதில் வேஷம் போடாத ஒரே கட்டுரை இதுதான். அதையே அனுப்பு என்றேன். ஆசிரியை என்ற முறையில், பாட்டி என்ற முறையில் அல்ல.

நவம்பர் 1

அனுப்பிவிட்டாள். முன்கூட்டி விண்ணப்பிக்கும் தனியார் இடம் ஒன்று, ரட்கர்ஸ் ஒன்று. மற்றவை ஜனவரிக்கு.

நவம்பர் 12, தீபாவளி

ஊரிலிருந்து தம்பி கூப்பிட்டான். “அக்கா, ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு நம்ம கவர்மென்ட் பத்துக் கோடி குடுத்துச்சே, அதைச் சொல்லி ஒரு சீட்டு கேக்கக் கூடாதா?” சிரித்தேன். ஆனால் அவன் கேட்டது முழுக்கத் தமாஷ் இல்லை. விளையாட்டு வீரர்கள், பழைய மாணவர்களின் பிள்ளைகள், நன்கொடையாளர் முதலியோர் அடங்கிய டீனின் தனிப்பட்டியல், பேராசிரியர் பிள்ளைகள், இந்த நான்கு வகையும் விண்ணப்பத்தில் சுமார் 5 சதவிகிதம். இடம் பெற்றவர்களில் சுமார் 30 சதவிகிதம். கேட்கலாம், தம்பி. கேட்கும் முறை வேறு, தொகையும் வேறு.

தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பொருளியலாளர் ராஜ் செட்டியும் சகாக்களும் இந்த ஜூலையில் வெளியிட்ட ஆய்வு மாப்பிள்ளையின் மேஜையில் கிடக்கிறது. ஒரே எஸ்.ஏ.டி. மதிப்பெண் உள்ள இரண்டு பிள்ளைகளில், மேல்தட்டு ஒரு சதவிகிதக் குடும்பத்துப் பிள்ளை ஆய்வு எடுத்துக்கொண்ட பன்னிரண்டு பெயர்பெற்ற இடங்களில் ஒன்றில் படிப்பதற்கு, நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைவிட இரு மடங்குக்கு மேல் வாய்ப்பு. சோற்றுக்குக் குறைவில்லாத மாப்பிள்ளை போன்றவர்கள் அந்த ஒரு சதவிகிதத்திலும் இல்லை, கல்வி உதவித்தொகைக்கு முழுத் தகுதி உள்ளவர்களிலும் இல்லை.

டிசம்பர் 14

மாலையில் முடிவு வந்தது. ஆமும் இல்லை, இல்லையும் இல்லை. ஜனவரியில் வரும் வழக்கமான விண்ணப்பங்களோடு சேர்த்து மார்ச்சில் பார்க்கிறார்களாம். எந்த இடம் என்று எழுதப்போவதில்லை, பேத்திக்குப் பிடிக்காது. ஹார்வர்ட் இன்று வெளியிட்ட கணக்கு: முன்கூட்டி விண்ணப்பித்தோர் 7,921, இடம் பெற்றவர்கள் 692. அவள் தோழி ஒருத்திக்கு வேறோர் இடத்தில் கிடைத்துவிட்டது. இவள் கூப்பிட்டு வாழ்த்துச் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மகளுக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: எதில் குறைந்தது? எனக்கும் அதுதான் ஆற்றவில்லை. மகள் கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்தது கவுன்சலிங்கில். ரேங்க் பட்டியலில் தன் இடம் எது, தனக்கு முன்னால் எத்தனை பேர் என்று தெரியும். இப்போது கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப். எல்லாவற்றிலும் சமமாக இருந்தால் ரேண்டம் எண்ணைப் பார்க்கிறார்கள். அதிர்ஷ்டத்தைக்கூட எண் போட்டுக் கையில் கொடுத்துவிடுகிறோம். அந்த முறையைப் புகழவும் எனக்கு வாய் வராது. புத்தகத்தை வரிவரியாக விழுங்கிய பிள்ளைகளைத் தயாரித்தவர்களில் நானும் ஒருத்தி. பஸ் நேரத்தைக் குறித்துவைக்கும் பெண்ணுக்கு அதில் அரை மார்க் கிடையாது. ஆனால் அரை மார்க்கில் போச்சு என்று அழுகிற பிள்ளைக்கு அழுவதற்கு ஒரு காரணமாவது இருந்தது.

டிசம்பர் 31

நூலகத்தில் ஜெரோம் காரபெல் என்ற சமூகவியலாளர் 2005-இல் எழுதிய தடித்த புத்தகம் எடுத்து வந்தேன். முழுதும் படிக்க முடியாது, தேவையானதைப் படித்தேன். நூறு வருடத்துக்கு முன் இங்கேயும் தேர்வில் தேறினால் பெரும்பாலும் இடம் உண்டு. அப்படித் தேறி யூதப் பிள்ளைகள் அதிகமாக வரத் தொடங்கியதும், 1922-இல் ஹார்வர்டின் தலைவர் லோவல் அவர்களுக்கு உச்சவரம்பு வைக்கப் பார்த்தார். ஆசிரியர்கள் வெளிப்படையான வரம்பை ஒத்துக்கொள்ளவில்லை. சில வருடங்களில் குணம், ஆளுமை, புகைப்படம் எல்லாம் விண்ணப்பத்துக்குள் வந்தன. பிற்பாடு இதே முறையை நல்ல காரியங்களுக்கும் பயன்படுத்தினார்கள், கறுப்பினப் பிள்ளைகள் உள்ளே வந்ததும் இதன் வழியாகத்தான். ஆனால் பூட்டு செய்யப்பட்டது எதற்கு என்று தெரிந்தபிறகு, சாவி ஏன் ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது என்று கேட்கத் தேவையில்லை.

அரசு உதவித்தொகை விண்ணப்பம் வழக்கமாக அக்டோபர் 1-இல் திறக்கும். இந்த வருடம் நேற்றுத்தான் திறந்தது, அதுவும் விட்டுவிட்டு. மாப்பிள்ளை இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறார்.

பிப்ரவரி 5, 2024

ரட்கர்ஸில் இடம் கிடைத்த கடிதம் போன வாரம் வந்தது. மகள் ‘நல்லது’ என்றாள், கரண்டியைக் கீழே வைக்காமல். எனக்குக் கோபம் வந்தது. 1766-இல் தொடங்கிய இடம். ஐவி லீகில் இருக்கும் டார்ட்மவுத், கார்னெல் இரண்டையும்விட மூத்தது. அந்த ஐவி லீகே 1954-இல் முறைப்படி அமைந்த ஒரு விளையாட்டுக் கூட்டணி. பந்தாட்ட அட்டவணைக்காகச் சேர்ந்த எட்டுப் பெயரை வைத்துக்கொண்டு பிள்ளையை அளக்கிறார்கள்.

டார்ட்மவுத் இன்று எஸ்.ஏ.டி.யை மறுபடி கட்டாயமாக்கியது, அடுத்த வருடத்திலிருந்து. விருப்பமிருந்தால் அனுப்பு என்று கோவிட் காலத்தில் தளர்த்தியிருந்தார்கள். ஆடிக்கொண்டே இருக்கிற கோல்கம்பத்தில் பிள்ளைகள் பந்து அடிக்கிறார்கள்.

மாத முடிவில் ஊருக்குக் கிளம்புகிறேன்.

மார்ச் 29, வெள்ளி. கும்பகோணம்

விடிகாலை நாலரைக்கு அங்கே மாலை ஏழு. ஐவி லீக் இடங்களின் முடிவெல்லாம் ஒன்றாக வரும் நேரம். ஐந்து மணிக்கு மகள் வீடியோவில் வந்தாள். வரிசையாக ‘இல்லை’. டிசம்பரில் தள்ளிவைத்த இடமும் இல்லை என்றுவிட்டது. ஒன்றில் மட்டும் காத்திருப்போர் பட்டியல். ஹார்வர்டுக்கு இந்த வருடம் விண்ணப்பம் 54,008, இடம் பெற்றவர்கள் 1,937.

கணித மேதை ராமானுஜனைச் சொல்லித் தேற்றக் கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தேன். இந்த ஊரில் பரீட்சையில் தவறிய பிள்ளைகளுக்கெல்லாம் அவரைத்தான் மருந்தாகக் கொடுப்பார்கள், யாருக்கும் கேட்டதில்லை.

பேத்தி வந்து உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது. ரட்கர்ஸில் வளாகங்களுக்கு நடுவே ஓடும் பஸ்களைப் பற்றிப் பிள்ளைகள் எல்லாரும் புலம்புகிறார்களாம். “அட்டவணையே வேற மாதிரி போடணும் பாட்டி” என்றாள். செலவு தனியார் இடத்தில் ஆகக்கூடியதில் பாதிகூட இல்லை என்பதை அவளே சொன்னாள். பசிக்கிறது என்று எழுந்து போய்விட்டாள்.

மகள் விடவில்லை. “காத்திருக்கிறவங்க பட்டியல்ல இருந்து வர சான்ஸ் எவ்வளவும்மா?”

இடம் கிடைத்தவர்களில் எத்தனை பேர் வேண்டாம் என்கிறார்களோ அதைப் பொறுத்தது என்றேன். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் வருடாவருடம் வெளியிடும் புள்ளிவிவரத் தொகுப்பில், பட்டியலில் எத்தனை பேர் காத்திருந்தார்கள், எத்தனை பேரை எடுத்தார்கள் என்று தனியாக ஒரு பகுதி உண்டு. கடைசி ஐந்து வருடத்தைப் பார்க்கச் சொன்னேன். தட்டிப் பார்த்துவிட்டு வாசித்தாள். ஒரு வருடம் கணிசமாக, ஒரு வருடம் ஒருவர்கூட இல்லை.

“இதுக்கு என்னம்மா அர்த்தம்?”

“ரட்கர்ஸுக்குப் பணத்தைக் கட்டு” என்றேன்.