தூரிகையில் ஓர் உயிர்

நாள்தோறும் கையாளும் பொருள்களுள் மிகச் சிலவற்றின் பிறப்பிடத்தையே நாம் அறிந்திருக்கிறோம். உண்ணும் அரிசி எவ்வூர் அரிசி என்று கேட்கிறோம். ஏற்காட்டு மலையில் வாழும் எங்களைக் கண்டால், காப்பிக் கொட்டை எந்தத் தோட்டத்தது என்று வினவாத வெளியூரார் இலர். ஆனால், சோப்புக் கிண்ணத்தின் அருகே நிற்கும் சவரத் தூரிகையை நோக்கி, 'உன் முடி எவ்வுயிரின் உடலில் வளர்ந்தது?' என்று கேட்பவர் அரியர். மஞ்சக்குட்டையில் எங்கள் இல்லத்தில் இவ்வினாவை எழுப்பியவர்கள் பெரியவர்கள் அல்லர். பள்ளி செல்லும் பிள்ளைகளே. "தாத்தா, இந்தப் பிரஷ்ஷில் இருப்பது எதனுடைய முடி?" என்று அவர்கள் கேட்டதற்கு விடை தேடப் புகுந்தபோது நாங்கள் அறிந்தவற்றை அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

விலங்கின் முடியால் ஆன சவரத் தூரிகைகள் பெரும்பாலும் மூவகைப்படும். முதலாவது பன்றி முடி. இறைச்சிக்காக வளர்க்கப்படும் பன்றியின் முதுகுப் புறத்தில் வளரும் இம்முடி முரடானது. பயன்படுத்தப் பயன்படுத்த நுனி பிளந்து மென்மையடையும். அப்பிளவுகளே நுரையைத் தாங்குகின்றன. இரண்டாவது குதிரை முடி. பிடரியிலும் வாலிலும் வளரும் இதனைக் குதிரையின் உயிருக்குக் கேடின்றிக் கத்தரித்து எடுக்க இயலும். மூன்றாவது, மேனாட்டார் பெரிதும் விரும்பும் 'பேட்ஜர்' முடி. பேட்ஜர் என்பது நிலத்தில் வளை தோண்டி வாழும் விலங்கு. அதன் முடி நீரை நன்கு ஏற்கும், மிக மென்மையானது, அதனால் விலையும் மிகுதி. இன்று உலகச் சந்தைக்கு வரும் பேட்ஜர் முடியில் பெரும்பகுதி சீன நாட்டினின்று வருவது. ஆட்டு மயிரைக் கத்தரிப்பதுபோல் அதனை எடுப்பதில்லை. விலங்கைக் கொன்றே எடுக்கின்றனர்.

இச்சிறு பொருள் மனித உயிரையும் பறித்ததுண்டு. முதல் உலகப் போருக்கு முன், தூரிகைக்குரிய முடி ஐரோப்பிய நாடுகள் வழியே நோய்க்கிருமி நீக்கப்பட்டுப் பிற நாடுகளுக்குச் சென்றது. போரினால் அவ்வழி அடைபட்டது. ஆசியாவிலிருந்து தூய்மை செய்யப்படாத குதிரை முடி நேரே இறங்கியது. அதனைப் பேட்ஜர் முடிபோல் தோன்றச் செய்து விற்றனர். நச்சுப்புகை முகமூடி முகத்தோடு பொருந்த வேண்டுமாயின் போர்வீரர் நாள்தோறும் மழிக்க வேண்டும். கத்தி கீறிய சிறு காயத்தின் வழியே தூரிகையிலிருந்த அடைப்பான் நோய்க்கிருமி, அதாவது ஆந்த்ராக்ஸ், உடலினுள் புகுந்தது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வீரரும் பொதுமக்களுமாக 200-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர், பலர் மாண்டனர். ஜப்பானிலிருந்து சவரத் தூரிகை இறக்குமதி செய்வதை 1920-ஆம் ஆண்டில் பிரிட்டன் தடை செய்தது. மாடு வளர்க்கும் நம்மவர்க்கு அடைப்பான் எத்துணைக் கொடியது என்பதை விளக்க வேண்டுவதில்லை.

இவையெல்லாம் கடல் கடந்த கதைகள் என்று நாங்கள் எண்ணியிருக்கையில், பிள்ளைகள் தங்கள் ஓவியத் தூரிகைகளையும் கொண்டுவந்து பரப்பினர். "இது எதனுடையது?" என்ற அதே கேள்வி. அவற்றுள் ஒன்றின் முடியில் கருமையும் வெண்மையும் மாறி மாறிப் பட்டையிட்டிருந்தன. அத்தகைய முடி நம் தோட்டத்து வேலியோரம் ஓடும் ஒரு விலங்கிற்கும் உண்டு. அதுவே கீரி.

ஆம், இந்தியாவில் ஓவியத் தூரிகைக்காகப் பலியாகும் விலங்கு கீரியே. அதன் முடி அடியில் உறுதியாகவும் நுனியில் கூர்மையாகவும் அமைந்து, வண்ணத்தை நன்கு ஏந்துவதே இதற்குக் காரணம். ஒரு கீரியின் உடலில் கிடைக்கும் முடி ஏறத்தாழ 40 கிராம். அதிலும் தூரிகைக்கு உதவுவது பாதியளவே என்பர். அவ்வாறாயின், ஒரு கிலோ நல்ல முடிக்குச் சுமார் 50 கீரிகள் மடிய வேண்டும்! உத்தரப் பிரதேசத்தின் பிஜ்னோர் மாவட்டத்திலுள்ள ஷேர்கோட் நகரம் தூரிகைத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. கீரி முடி வாணிகம் பற்றிய செய்திகளில் அதன் பெயர் பலமுறை அடிபட்டுள்ளது.

சட்டம் வாளாவிருக்கவில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கீரிக்கு இருந்த பாதுகாப்பு 2002-இல் மேலும் வலுப்படுத்தப்பட்டது. கீரியை வேட்டையாடுவதும், அதன் முடியையோ அம்முடியாலான தூரிகையையோ விற்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றங்கள். 2019-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் மத்திய வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவினர் பல மாநிலங்களில் ஒரே வேளையில் சோதனை நடத்தி, பல்லாயிரம் தூரிகைகளையும் 100 கிலோவுக்கு மேற்பட்ட கீரி முடியையும் கைப்பற்றினர். மேற்கூறிய கணக்கின்படி, அந்த 100 கிலோவில் எத்தனை ஆயிரம் கீரிகளின் உயிர் அடங்கியிருந்தது என்று எண்ணிப் பாருங்கள்!

கீரி நமக்குச் செய்த தீங்குதான் என்ன? கோழிக்குஞ்சு ஒன்றிரண்டைக் கவ்விச் செல்வதுண்டு, மறுப்பதற்கில்லை. ஆயினும் பாம்பையும் எலியையும் அடக்கி வைக்கும் காவலன் அது. காப்பிச் செடிகளுக்கிடையே குனிந்து களை எடுக்கும் பெண்கள் கீரியைக் கண்டால் விரட்டுவதில்லை என்பதை எங்கள் மலையில் கண்டிருக்கிறோம். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், வளர்த்த கீரியைக் கொன்ற பார்ப்பனப் பெண் ஒருத்தி கணவனால் கைவிடப்பட்டுப் புகார் நகரத் தெருக்களில் அலைந்து திரிகிறாள். கோவலன் பொருளுதவி செய்து அவள் துயர் தீர்க்கிறான். ஒரு கீரியின் உயிருக்கு அத்துணை வருந்திய மரபு நம்முடையது.

கீரியைப் பிடிப்போரும் செல்வர் அல்லர். வேறு பிழைப்பு காணாத ஏழைகளே பெரும்பாலும் அவ்வேலைக்குத் தள்ளப்படுகின்றனர். தூரிகை கட்டும் தொழிலாளரும் அன்றாடக் கூலியை நம்பியவர்கள். அவர்கள் தொழில் அழிய வேண்டும் என்று நாம் கூறவில்லை. முடிக்கு மாற்றாக நைலான் போன்ற செயற்கை இழை வந்துவிட்டது. 1938-இல் நைலான் பல்துலக்கி சந்தைக்கு வருமுன் மேனாட்டார் பன்றி முடியாலேயே பல் துலக்கினர். இழை மாறிற்று, தொழில் மறையவில்லை. ஓவியத் தூரிகையும் சவரத் தூரிகையும் இன்று செயற்கை இழையில் நல்ல தரத்தில் கிடைக்கின்றன. கேட்டு வாங்குவோர் பெருகினால் கட்டுவோரும் அதனையே கட்டுவர்.

ஐயம் எழுமாயின் எளிய சோதனை ஒன்றுண்டு. தூரிகையினின்று ஓரிழையை எடுத்துப் பெரியவர்கள் நெருப்பில் காட்டிப் பார்க்கலாம். செயற்கை இழை உருகிச் சிறு மணிபோல் திரளும். விலங்கின் முடியோ கருகி, மயிர் பொசுங்கும் நாற்றம் வீசும். முடி என்று தெரிந்தால், எதனுடைய முடி என்று கடைக்காரரை வினவுங்கள். அவருக்கு விடை தெரியாதிருக்கலாம். எனினும் பத்துப் பேர் கேட்டால், பதினொன்றாமவர் வருமுன் அவரும் தமக்குச் சரக்கு அனுப்புபவரைக் கேட்பார்.

சட்டத்தின் கை எல்லாக் கடைகளையும் எட்டாது. ஆனால் வாங்குவோர் இல்லாத பொருளை எவரும் விற்கப் போவதில்லை. பள்ளி திறக்கும் பருவத்தில் புத்தகப் பையும் வண்ணப் பெட்டியும் வாங்கப் புறப்படும் பெற்றோரே, தூரிகையின் விலையைக் கேட்குமுன் அதன் முடி எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பிள்ளைகள் அருகில் நிற்கும்போதே கேளுங்கள்.