பத்தில் ஒரு நொடி

நான் வேலை பார்த்த கேம் பத்திரிகையைப் பலர் அதனுடன் வந்த டிவிடிக்காகவே வாங்கினார்கள். ஒரு டெமோவை இறக்க இரவெல்லாம் காத்திருந்த காலம் அது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. டேட்டா மலிந்தது, டிவிடி யாருக்கும் தேவைப்படவில்லை. விமர்சனத்தைப் படிக்குமுன் யூடியூபில் ஆட்டத்தையே பார்த்துவிட முடிந்தது. விளம்பரங்களும் அங்கேயே போயின. இதழ் மாதாமாதம் மெலிந்தது. ஒரு மாலை ஆசிரியர் எங்களை அழைத்து, அடுத்த இதழ் அச்சுக்குப் போகாது என்றார். லேஅவுட் செய்த அண்ணன் எதுவும் பேசாமல், முடித்து வைத்திருந்த பக்கங்களை ஒவ்வொன்றாக சேவ் செய்தார்.

பெங்களூரில் ஒரு சிறிய ஸ்டூடியோ என்னை டெஸ்டராகச் சேர்த்துக்கொண்டது. எனக்கு முன்பே இந்தப் பாதையில் நடந்தவர்கள் உண்டு. கேம்ஸ்பாட் இணையதளத்தின் தலைமை ஆசிரியராக இருந்த கிரெக் கசாவின் 2007இல் அங்கிருந்து விலகி, பின்னர் சூப்பர்ஜயன்ட் ஸ்டூடியோவில் ‘பாஸ்டியன்’, ‘ஹேடீஸ்’ ஆகிய ஆட்டங்களுக்கு எழுதினார். பிசி கேமர் இதழில் எழுதிக்கொண்டே ‘கன்பாயின்ட்’ ஆட்டத்தை உருவாக்கிய டாம் ஃபிரான்சிஸ் 2013இல் அதை வெளியிட்டார். இவர்களைச் சொல்லித்தான் அப்பாவிடம் பேசினேன். “எழுதுறவனுக்கு அங்க என்னப்பா வேலை?” என்று கேட்டார்.

சில மாதங்களில் அதற்கு விடை கிடைத்தது. எங்கள் ஆட்டத்தில் ஒரு சிறுமி கூரைக்குக் கூரை தாவுவாள். விளையாடிப் பார்க்க வந்த கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே இடத்தில் விழுந்தார்கள். “பட்டனை அழுத்தினேன், குதிக்கவே இல்ல” என்றார்கள். புரோகிராமர் பதிவை ஓட்டிக் காட்டினார்: அழுத்துவதற்குள் சிறுமியின் கால் விளிம்பைத் தாண்டியிருந்தது. கணக்கு சரிதான். ஆனால் அந்தப் பிள்ளைகளின் கோபம் எனக்கு நன்றாகத் தெரிந்த கோபம். எத்தனையோ ஆட்டங்களில் அதை உணர்ந்து எழுதியிருக்கிறேன். கண் ஓடும் வேகத்தில் விளிம்பு இன்னும் காலடியில் இருப்பதாகவே தோன்றும், விரல் அதை நம்பித்தான் அழுத்தும் என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

புரோகிராமர் அதைப் படித்துவிட்டு, 2018இல் வந்த ‘செலஸ்ட்’ ஆட்டத்தின் படைப்பாளிகள் பொதுவில் வெளியிட்ட நிரலைத் திறந்தார். அதில், கால் விளிம்பைத் தாண்டிய பின்னும் 0.1 நொடி வரை தாவ முடியும். நொடிக்கு 60 பிரேம் ஓடும் ஆட்டத்தில் அது 6 பிரேம். அந்தச் சலுகையை எங்கள் சிறுமிக்கும் கொடுத்தோம். அடுத்து வந்தவர்கள் அந்த இடத்தை எளிதாகக் கடந்தார்கள். சலுகை இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை.

‘கன்ட்ரோல் சரியில்லை’ என்று யாரும் சொல்லிவிடலாம். எந்த இடத்தில், எந்தக் கணத்தில், விளையாடுபவர் எதை நம்பியிருந்தபோது சரியில்லாமல் போனது என்று சொல்லப் பயிற்சி வேண்டும். அதை எனக்குத் தந்தது ஒரு பத்திரிகை. அப்படிப்பட்ட இடங்கள் அருகிவருவது கேம் உருவாக்குபவர்களுக்கும் இழப்புதான். அதனால் இன்று எங்கள் டீமுக்கு ஆள் எடுக்கும்போது, டெஸ்டராக இருந்தாலும் புரோகிராமராக இருந்தாலும், தனக்குப் பிடித்த ஓர் ஆட்டத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதித்தரச் சொல்கிறேன்.