மணிக்கட்டுக்கு விடுப்பு உண்டா?

காய்ச்சல் என்றால் நம்புகிறார்கள்; தொட்டால் நெற்றி சுடுகிறது. எலும்பு முறிந்தது என்றால் நம்புகிறார்கள்; மாவுக்கட்டு வெளியே தெரிகிறது. நரம்பு நசுங்கினால்? புண் இல்லை, வீக்கம் இல்லை. ஆகவே நோயும் இல்லை என்று தீர்ப்பளித்துவிடுகிறது நம் நாடு! கண்ணுக்குத் தெரியாத கண்ணேற்றை நம்பக் கூசாத நாடு, உழைப்பவளின் கை மரத்துப்போகிறது என்றால் மட்டும் சான்று கேட்கிறது.

புதுவையிலே ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். சென்ற ஆண்டு அரையாண்டுத் தேர்வுத் தாள்கள் மலையாய்க் குவிந்திருந்த நேரம், வலக்கையின் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி மரத்துப்போயின. சுண்டுவிரலுக்கு மட்டும் ஒரு கேடும் இல்லை! சுண்ணக்கட்டி பிடியிலிருந்து நழுவியது. நள்ளிரவில் எறும்பு ஊர்வதுபோல் விழிப்பு வரும். எழுந்து கையை உதறினால்தான் மீண்டும் உறக்கம்.

எதிர்வீட்டு அம்மாள் வந்தார். "எழுதுகிற கையாச்சே, கண் பட்டிருக்கும்" என்றார். மந்திரித்த கறுப்புக் கயிற்றை என் மணிக்கட்டிலே இறுக்கிக் கட்டினார். அன்புதான், ஐயமில்லை. ஆனால் எந்த இடத்திலே நரம்பு நெருக்குண்டு தவித்ததோ, அந்த இடத்திலேயே இன்னொரு நெருக்கு! அன்றிரவே அறுத்தெறிந்தேன்.

மருத்துவர் மந்திரம் சொல்லவில்லை. படம் வரைந்து காட்டினார். மணிக்கட்டிலே எட்டுச் சிற்றெலும்புகள் சேர்ந்து ஒரு வளைவை அமைக்கின்றன. அதன்மேல் கூரைபோல ஒரு தடித்த தசைநார். இடையிலுள்ள குறுகிய குகையிலே விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரே ஒரு நரம்பும் செல்கின்றன. நாண்களைச் சூழ்ந்த உறை வீங்கினால் எலும்பு இடம் கொடுக்காது, கூரையும் இடம் கொடுக்காது. எளியது எதுவோ அது நசுங்கும். நரம்பு நசுங்குகிறது. (குகைக்குள்ளேயும் சமுதாய நீதி இதுதான் போலும்!) சுண்டுவிரலுக்கு உணர்வு தரும் நரம்பு வேறு வழியே செல்வதால் அது தப்பியது. கார்பல் டனல் என்பார்கள். மணிக்கட்டுக் குகை நோய் என்போம். நீரிழிவு, தைராய்டுக் குறை, கருவுற்றிருத்தல் ஆகியவற்றாலும் இது வரலாம். சுண்ணக்கட்டி மேல் மட்டும் பழிபோட அவர் இசையவில்லை. இரவிலே மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டி, பதினைந்து நாள் எழுதாமல் ஓய்வு: இதுதான் கட்டளை.

விடுப்பு விண்ணப்பத்தைக் கண்ட தலைமையாசிரியர் என் கையைப் புரட்டிப் பார்த்தார். "கட்டும் இல்லை, காயமும் இல்லை, பதினைந்து நாளா? வாய் நலமாகத்தானே இருக்கிறதம்மா!" என்றார். மருத்துவச் சான்று இருந்தது, விதியும் இருந்தது, கையொப்பம் இட்டார்.

அந்த விதி வானத்திலிருந்து விழுந்ததா? இதே புதுவையிலே, 1936 சூலை 30 அன்று, சவானா ஆலையிலே வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது பிரெஞ்சு அரசின் படை சுட்டது. பன்னிருவர் மாண்டனர். வ. சுப்பையா முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்தின் பயனாக, 1937-இல் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. உழைப்பவன் உடலுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை ஆள்வோர் ஏற்க, நம் ஊர் கொடுத்த விலை அது.

கை நோகும் என்பதும் புதுச் செய்தியன்று. இத்தாலிய மருத்துவர் ரமசீனி, எழுத்தர்களின் கை ஓயாமல் எழுதித் தளர்ந்துபோவதை 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குறித்து வைத்தார். தொழிலால் வரும் நோய்க்கு இழப்பீடு தரும் சட்டத்தைப் பிரான்சு 1919-இல் இயற்றியது. முதலில் ஈயமும் பாதரசமும் விளைத்த நோய்கள் மட்டுமே. பிறகு பட்டியல் வளர்ந்து, அதன் 57-ஆம் அட்டவணையிலே மணிக்கட்டுக் குகை நோயும் இடம்பெற்றது. பிரெஞ்சுக்காரர் 1954-இல் இங்கிருந்து சென்ற பின் வளர்ந்த பகுதி அது. நமக்குத் தெருப்பெயர்கள்தாம் மிஞ்சின. உலகத் தொழிலாளர் அமைப்பும் 2010-இல் தன் பட்டியலில் இந்நோயைச் சேர்த்தது.

எனக்கு விதி இருந்தது. என் அம்மாவுக்கு?

மூன்று தையற்பொறிகள் உள்ள சிறு கடையிலே இருபது ஆண்டுகளாகத் தைக்கிறார். கத்தரிக்கோல் பிடிப்பதும் துணி இழுப்பதும் நாளெல்லாம். தைத்த துணிக்குத்தான் கூலி. தைக்காத நாளுக்குக் காசு இல்லை. நான் சிறுமியாய் இருந்தபோதே நடு இரவில் எழுந்து உட்கார்ந்து கையை உதறுவார். கெட்ட கனவு என்பார் பாட்டி. கனவா அது? ஈ.எஸ்.ஐ. திட்டத்திலே நோயுற்ற தொழிலாளிக்கு ஆண்டுக்கு 91 நாள் வரை, கூலியில் 70 விழுக்காடு கிடைக்கிறது. ஆனால் பத்துப் பேராவது வேலை செய்யும் இடமாக இருக்கவேண்டும். மூவர் வேலை செய்யும் கடையிலே மணிக்கட்டு நோகக்கூடாது போலும்!

என் விடுப்பு நாட்களில்தான் அம்மாவின் கையை விளக்கொளியிலே நன்றாகப் பார்த்தேன். பெருவிரலின் அடியிலே மேடிட்டிருக்க வேண்டிய சதை குழிந்து கிடந்தது. நெடுநாள் நசுங்கிய நரம்பின் அடையாளம் அது என்று மருத்துவர் படத்திலே காட்டியிருந்தார். பட்டியும் ஓய்வும் போதாத நிலை வந்தால், கூரையாய் நிற்கும் அந்தத் தசைநாரை அறுத்து நரம்புக்கு வழிவிட வேண்டுமாம். சிறிய அறுவைதான், ஆனால் பிறகு சில கிழமைகள் கத்தரிக்கோல் பிடிக்க இயலாது.

நரம்புச் சோதனைக்கு நாள் கேட்டு வந்தேன். அடுத்த செவ்வாய் காலை என்றார்கள். வீட்டுக்கு வந்து சொன்னேன். ஊசியில் நூல் கோக்க முயன்று மூன்று முறை தவறவிட்ட அம்மா, நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்: "செவ்வாய்க்கிழமை கூலி போயிடுமே பாப்பா, ஞாயித்துக்கிழமை பார்க்கமாட்டாங்களா?"