ஒருமுறை வந்தால் போதுமா?

தாம்பரத்தில் எங்கள் தெருவில் மலேரியா கண்ட பிள்ளையின் உம்மாவிடம், "ஒருமுறை வந்துவிட்டதல்லவா? அம்மையைப் போல இனி அண்டாது" என்று பெரியவர்கள் தேற்றுவதைக் கேட்டிருக்கிறேன். அச்சொல்லில் பரிவு உண்டு, உண்மை இல்லை.

மலேரியாக் கிருமி இரத்தச் சிவப்பணுவினுள் புகுந்து ஒளிந்துகொள்கிறது. ஆயினும் பால்சிபாரம் என்னும் கொடிய வகை, தான் குடிபுகுந்த சிவப்பணுவின் மேற்புறத்தில் ஒரு புரதத்தை நீட்டி, இரத்தக் குழாயின் சுவரைப் பற்றிக்கொள்கிறது. அந்தப் புரதமே அதைக் காட்டிக்கொடுக்கிறது. நம் உடலில் ஊறும் எதிர்ப்பொருள்கள் அதனை அடையாளம் கண்டு பற்றுகின்றன. அதற்குள் கிருமிகளுள் சில வேறொரு புரதத்திற்கு மாறிவிடுகின்றன. இத்தகைய மாற்றுடைகளுக்கென ஒவ்வொரு கிருமியிடமும் ஏறத்தாழ 60 மரபணுக்கள் உண்டு.

பலமுறை நோயுற்ற உடலே அவ்வுடைகள் பலவற்றையும் அறியும். காம்பியா நாட்டில், அவ்வாறு தேறிய பெரியவர்களின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருள்களை நோயுற்ற குழந்தைகளுக்குச் செலுத்தியபோது கிருமிகள் வெகுவாகக் குறைந்தன என்று 1961-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் அத்தேர்ச்சி வாய்க்குமுன் ஆப்பிரிக்காவில் மடிந்த பிள்ளைகள் எத்தனை எத்தனை!

அந்த விலை நமக்கு வேண்டாம். சென்னையில் மிகுதியும் காணப்பட்ட விவாக்ஸ் வகையோ, ஈரலில் உறங்கிக் கிடந்து மீண்டும் எழக்கூடியது. ஆகவே காய்ச்சல் தணிந்தாலும் மருத்துவர் குறித்த நாள்வரை மாத்திரையை உட்கொள்ள வேண்டும். மலேரியாவைப் பரப்பும் நகரத்துக் கொசு நன்னீரிலேயே முட்டையிடும். மாடித் தொட்டியையும் கிணற்றையும் இன்றே மூடி வைப்போம்.