ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றலாமா?



தாயம் ஆடத் தெரியாத வீடு நம்ம பக்கம் குறைவு. ஆனால் இரண்டு வீட்டு விதி ஒன்றாக இருக்காது. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்பார்கள் ஒரு வீட்டில்; ஐந்துக்கும் இறக்கலாம் என்பார்கள் பக்கத்து வீட்டில். எதிராளியின் காயை ஒன்றாவது வெட்டாமல் உள்கட்டத்துக்குப் போகக்கூடாது என்பது சிலர் வழக்கம். அதனால் என் அம்மிச்சி, கட்டம் வரைந்ததும் யாரையும் காயைத் தொடவிட மாட்டார். "வெட்டாம உள்ள போகப்படாது, சரிதானே கண்ணுகளா?" என்று ஒவ்வொருவர் வாயாலும் 'சரி' வாங்கிய பிறகுதான் தாயக்கட்டையையே கையில் தருவார்.

இது இப்போது நினைவுக்கு வரக் காரணம் உண்டு. என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த தம்பி ஒருவன், இப்போது சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை, போன வாரம் போன் செய்தான். "டீச்சர், ஒரு பஞ்சாயத்துங்க. நீங்கதான் தீர்ப்புச் சொல்லோணும்" என்றான்.

அவனும் நண்பர்களும் சனிக்கிழமை தோறும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டம் ஆடுகிறார்களாம். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் உருவாக்கியது. ஆளுக்கொரு பாத்திரம், ஒருவன் வீரன், ஒருவன் மந்திரவாதி. இருபது முகம் உள்ள பகடையை உருட்டி, வாள் பட்டதா தவறியதா என்று பார்ப்பார்கள். கதையைச் சொல்லி ஆட்டத்தை நடத்துபவர் ஒருவர். அவருக்கு வெற்றி தோல்வி கிடையாது. விதிப்புத்தகம் இருந்தாலும் கடைசி முடிவு அவருடையதே. எங்கள் தம்பிதான் அங்கே நடத்துபவன்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு நண்பனின் பாத்திரம் பகடைப்படி செத்துப்போனது. ஒன்றரை வருடம் வளர்த்த பாத்திரம். விதி விதிதான் என்று விட்டுவிட்டார்கள். போன மாதம் இன்னொருவனுக்கு அதே நிலைமை. கதை கெட்டுவிடுமே என்று இவன் பகடையைக் கணக்கில் எடுக்காமல் பிழைக்க வைத்தான். முதல் நண்பன் எழுந்து போனவன் திரும்ப வரவில்லை. கல்லூரிக் காலத்து நட்பு.

"முடிவு எடுக்க எனக்கு உரிமை இருக்குதுங்களே டீச்சர்?" என்றான்.

உரிமை இருக்கிறது சாமி. கருணை மதிப்பெண் போட ஆசிரியருக்கும் மனது வரும். ஆனால் 33 வாங்கிய ஒருவனுக்கு இரண்டு மார்க் போட்டுவிட்டு, அதே 33 வாங்கிய இன்னொருவனை ஃபெயில் ஆக்கினால், அந்தப் பிள்ளைக்கு வலிப்பது மார்க் போனது மட்டும் இல்லை. 'நான் வேண்டாதவன்' என்ற நினைப்புதான் அதிகம் வலிக்கும்.

பெரிய இடத்திலும் இதே கதைதான். 2024 டிசம்பரில் நியூயார்க்கில் உலக விரைவுச் சதுரங்கப் போட்டி. நம் கொனேரு ஹம்பி பட்டம் வென்றாரே, அதே இடம்தான். ஜீன்ஸ் அணிந்து வந்த கார்ல்சனுக்கு 200 டாலர் அபராதம் போட்டு, மாற்றிக்கொண்டு வரச் சொன்னார்கள். உடனே முடியாது என்று விலகிவிட்டார். காலணிக்காக அபராதம் விதிக்கப்பட்ட நெப்போம்நியாச்சி அதே போட்டியில் மாற்றிக்கொண்டு வந்து ஆடினார். அவரைப் பார்த்துக்கொண்டே கார்ல்சனை மட்டும் நடுவர் எப்படி விட முடியும்? பிறகு உடை விதியைத் தளர்த்தினார்கள். ஆனால் அடுத்த போட்டி தொடங்கும் முன்பு, எல்லோருக்கும் சேர்த்து. கார்ல்சனும் திரும்ப வந்து ஆடினார்.

தம்பிக்கு நான் சொன்னது இவ்வளவுதான். விதியை மாற்று, தப்பில்லை. பகடை உருளும் முன் மாற்று, எல்லோரிடமும் சொல்லிவிட்டு மாற்று. புத்தகத்தில் இல்லாத சிக்கல் நடுவில் வந்தால் ஆட்டம் நிற்காமல் நீயே முடிவு சொல். ஆடி முடித்ததும் உட்கார்ந்து பேசி, அடுத்த முறைக்கும் அதையே வைத்துக்கொள். செத்த பாத்திரத்தைப் பிழைக்க வைப்பதா வேண்டாமா என்பதைப் போனவனையும் கூட்டிவைத்துப் பேசுங்கள். போனில் வேண்டாம், நேரில் போ.

ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போவதாகச் சொன்னான். என்ன ஆயிற்று என்று இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்தால் ஒரு வார்த்தை சொல்லு தம்பி.

மற்றவர்கள், உங்கள் வீட்டில் தாயத்துக்கு என்ன விதி என்று கீழே எழுதுங்கள். ஐந்துக்குக் காய் இறக்குபவர்கள் எத்தனை பேர் என்று பார்ப்போம்.