பதினைந்து விநாடிப் படம்

காசியாபாத் நீதிமன்றத்து வருங்கால வைப்புநிதி மோசடியைப் பற்றி 2008 செப்டம்பர் 10ஆம் நாள் டைம்ஸ் நவ் தொலைக்காட்சி ஒரு செய்தி ஒளிபரப்பிற்று. செய்தியில் வந்தது ஒரு நீதிபதியின் பெயர். திரையில் வந்ததோ, உச்சநீதிமன்ற முன்னாள் நீதிபதி பி. பி. சாவந்தின் படம். பெயர்கள் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுபோல் ஒலித்ததால் வந்த வினை. படம் நின்றது சுமார் 15 விநாடி. அவரோ இந்தியப் பத்திரிகை மன்றத்தின் தலைவராகவும் இருந்தவர். சிக்கிய படம் யாருடையது பாருங்கள்!

மானநஷ்ட வழக்கில் புனே நீதிமன்றம் 2011 ஏப்ரலில் விதித்த நஷ்டஈடு 100 கோடி ரூபாய். மேல்முறையீட்டைக் கேட்க வேண்டுமானால் 20 கோடியைக் கட்டு, 80 கோடிக்கு வங்கி உத்தரவாதம் கொடு என்றது பம்பாய் உயர்நீதிமன்றம். அவ்வாண்டு நவம்பரில் உச்சநீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது. தொகை மிகை என்பதே என் கருத்து. இப்படியானால் சிறிய நிலையங்கள் வாய் திறக்கவே அஞ்சும்.

சட்டம் படிக்கும் என்னிடம் நண்பர்கள் கேட்பது வேறு கேள்வி: “உள்ளதைச் சொன்னவன்மேல் வழக்கு ஏது?” நஷ்டஈட்டு வழக்கில் உண்மை முழுக் கேடயமே. ஆனால் அதை மெய்ப்பிக்கும் சுமை சொன்னவன் தலையில்தான். கண்ணகியின் கையில் மற்றொரு சிலம்பு இல்லாதிருந்தால் பாண்டியன் அவையில் அவள் சொல் எடுபட்டிருக்குமா? குற்றவியல் சட்டம் இன்னும் கடுமையானது. பழைய தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவிலும் சரி, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவிலும் சரி, சொன்னது உண்மையாயிருந்தால் மட்டும் போதாது. பொதுநன்மைக்காகவும் சொல்லியிருக்க வேண்டும்.

நிற்க. நாங்கள் சிலர் இணையத்தில் வாரந்தோறும் மாணவர் செய்தி ஒளிபரப்புகிறோம். மெஸ் காண்டிராக்டர் கணக்கில் எழுதும் பருப்பும் மூட்டையில் வரும் பருப்பும் ஒன்றல்ல என்பது இப்போது கையிலுள்ள செய்தி. உண்மை என்றே நம்புகிறேன். ஆனால் எடுத்துவைத்த படத்தைப் பார்த்தேன். “திருட்டு” என்று நம் அறிவிப்பாளர் சொல்லும் அந்தக் கணத்தில் திரையில் தெரிவது, கரண்டியுடன் நிற்கும் சமையற்காரரின் முகம்! அவருக்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தம்? சொல்லில் பிழை இல்லை. காண்டிராக்டரைப் பற்றிய சொல் அது. ஆயினும் பார்ப்பவர் மனத்தில் பதிவது இவர் முகமே. காண்டிராக்டர்மேல் சொன்னதை நாம் மெய்ப்பித்தாலும், அந்தக் கேடயம் இந்த முகத்தை மறைக்காது. அவருக்கு 100 கோடி வழக்குத் தொடுக்க வசதியில்லை; வேலை போனால் ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான்.

படத்தை வெட்டச் சொல்லிவிட்டேன். “செய்தியே சப்பென்று ஆகிவிடும்” என்று ஆசிரியர் குழுவில் இருவர் இன்னும் முணுமுணுக்கிறார்கள். ஆகட்டும். பருப்பு இறங்கும் நாளில் தராசுடன் நிற்க ஆள் தேவை. பில்களின் நகலும் வேண்டும். காலை ஐந்தரைக்கு எழக்கூடிய தமிழன்பர்கள் யாரேனும் இருந்தால் பெயர் கொடுக்கலாம்.